வாக்கர் எவன்ஸ்

வாக்கர் எவன்ஸ் (நவம்பர் 3, 1903 - ஏப்ரல் 10, 1975) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஆவார். சாலையோர விளம்பரப் பலகைகள், கையால் எழுதப்பட்ட கடைப் பெயர்ப்பலகைகள், சிற்றூர்க் கடைத்தெருக்கள், பயன்பாடு குன்றி வந்த கட்டடங்கள் ஆகியவற்றை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் படம் பிடித்தவர். 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்து அமெரிக்கக் கிராமப்புறம் இன்று எவ்வாறு நினைவுகூரப்படுகிறது என்பதில் இவரது படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அரண்மனைகளும் பேராலயங்களும் மட்டுமே பதிவு செய்யத் தக்கவை என்று கருதப்பட்ட காலத்தில், ஒரு மளிகைக் கடையின் முகப்பும் அதே கவனத்துக்கு உரியது என்பதைத் தம் படங்கள் வழியே நிறுவியவர் என்பதே இவரது தனிச்சிறப்பு.

இளமைக் காலம்

எவன்ஸ் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். தந்தை விளம்பரத் துறையில் பணியாற்றியவர். குடும்பம் அடிக்கடி இடம் பெயர்ந்ததால் இவரது இளமை டொலிடோ, சிகாகோவின் புறநகர், நியூயார்க் எனப் பல இடங்களில் கழிந்தது. சிறு வயதிலேயே அஞ்சலட்டைகளைச் சேர்க்கத் தொடங்கினார். சிற்றூர்களின் கடைவீதி, தொடர்வண்டி நிலையம், நீதிமன்றக் கட்டடம் போன்றவற்றை அலங்காரமின்றிக் காட்டும் மலிவு விலை அட்டைகள் அவை. வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த இச்சேகரிப்பு இறுதியில் சுமார் 9,000 அட்டைகளாக வளர்ந்தது.

1922இல் ஆண்டோவரில் உள்ள பிலிப்ஸ் அகாதமியில் பள்ளிப் படிப்பை முடித்தார். வில்லியம்ஸ் கல்லூரியில் ஓராண்டு மட்டும் பயின்று விலகினார். எழுத்தாளராக வேண்டும் என்பதே அப்போது இவரது விருப்பம். 1926இல் பாரிஸ் சென்று ஓராண்டு தங்கினார். பிரெஞ்சு எழுத்தாளர்களான பிளோபேர், போதலேர் ஆகியோர் மீது பெரும் ஈடுபாடு கொண்டார். ஆசிரியர் தன்னை வெளிக்காட்டிக் கொள்ளாமல் பொருளை மட்டும் துல்லியமாகக் காட்டும் பிளோபேரின் முறை, பின்னாளில் இவரது ஒளிப்பட முறையாகவே மாறியது. 1927இல் நியூயார்க் திரும்பி எழுத்தர் பணி செய்துகொண்டே 1928 அளவில் ஒளிப்படம் எடுக்கத் தொடங்கினார்.

ஒளிப்படத் துறையில்

தொடக்க காலப் படங்களிலேயே எழுத்துகளும் பலகைகளும் இடம்பெற்றன. சேதமடைந்தது என்று பொருள்படும் சொல்லைத் தாங்கிய பெரிய பலகை ஒன்றைத் தொழிலாளர்கள் சுமையுந்தில் ஏற்றும் காட்சி இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. கிழிந்த திரைப்படச் சுவரொட்டி ஒன்றையும் இக்காலத்தில் படமாக்கினார். 1930இல் கவிஞர் ஹார்ட் கிரேனின் 'தி பிரிட்ஜ்' என்னும் நூலில் இவரது மூன்று படங்கள் வெளியாயின.

இக்காலத்தில், பழைய பாரிஸ் நகரின் கடைகளையும் தெருக்களையும் பல்லாயிரம் படங்களில் பதிவு செய்த யூஜின் அட்ஜே (1857-1927) என்பவரின் ஆக்கங்களைக் கண்டார். கலை நோக்கத்துக்காகப் படத்தை மங்கலாக்கி அழகூட்டும் அக்கால வழக்கத்தை எவன்ஸ் ஏற்கவில்லை. அட்ஜேயின் நேரடியான முறையே தமக்கு ஏற்றது எனக் கண்டார்.

1931இல் எழுத்தாளர் லிங்கன் கிர்ஸ்டீனின் தூண்டுதலால் பாஸ்டன் சுற்றுவட்டாரத்தில் மதிப்பிழந்து அழிந்து வந்த 19ஆம் நூற்றாண்டு வீடுகளைப் படம் பிடித்தார். இப்படங்கள் 1933இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே ஆண்டில் கியூபா சென்று அவானா நகரின் தெருக்களைப் பதிவு செய்தார்.

அரசுப் பணி

பொருளாதார வீழ்ச்சியால் நலிந்த உழவர்களுக்கு உதவ அமெரிக்க அரசு 1935இல் மறுகுடியமர்வு நிருவாகம் என்னும் அமைப்பை உருவாக்கியது. இது 1937இல் பண்ணைப் பாதுகாப்பு நிருவாகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இதன் ஒளிப்படப் பிரிவை ராய் ஸ்டிரைக்கர் வழிநடத்தினார். டோரத்தியா லாங், பென் ஷான், ஆர்தர் ரோத்ஸ்டீன் ஆகியோருடன் எவன்சும் இதில் பணியாற்றினார்.

அரசுத் திட்டங்களின் தேவையை மக்களுக்கு உணர்த்தும் படங்களை ஸ்டிரைக்கர் எதிர்பார்த்தார். எவன்சோ பரப்புரைக்குப் படம் எடுக்க மனமில்லாதவர். மேலும் ஒவ்வொரு படத்துக்கும் மிகுந்த நேரம் எடுத்துக்கொள்வார். அனுப்பும் படங்களின் எண்ணிக்கையும் குறைவாக இருந்தது. இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு நிலவியது. நிதிக் குறைப்பின்போது 1937இல் இவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆயினும் இவரது புகழ்பெற்ற படங்களுள் பெரும்பாலானவை இந்த இரண்டாண்டுகளுக்குள் எடுக்கப்பட்டவையே. அவற்றுள் சில:

- பென்சில்வேனியாவின் பெத்லகேம் எஃகு நகரம் (1935). முன்னால் கல்லறைச் சிலுவை, நடுவில் தொழிலாளர் வீடுகள், பின்னால் ஆலைப் புகைபோக்கிகள் என மூன்றும் ஒரே படத்தில் நெருங்கி நிற்கின்றன.
- ஜார்ஜியாவின் சவானா நகர ஒளிப்பட நிலையத்தின் காட்சிப் பலகணி (1936). இருநூறுக்கும் மேற்பட்ட சிறு முகப்படங்களின் மேல் கண்ணாடியில் ஸ்டூடியோ என்ற சொல் எழுதப்பட்டுள்ளது.
- அலபாமாவின் சாலையோரக் கடை (1936). மீன் ஓவியங்கள் தீட்டிய முகப்பில் வீடுகளைப் பெயர்த்து வேறிடம் கொண்டு செல்லும் தொழிலுக்கான விளம்பரமும் உள்ளது. கடை முன் இரு சிறுவர்கள் தர்ப்பூசணிப் பழங்களை ஏந்தி நிற்கின்றனர்.
- அட்லாண்டாவில் இரு பழைய வீடுகளும் அவற்றின் முன்னுள்ள திரைப்படச் சுவரொட்டிகளும் (1936).

அலபாமா உழவர் குடும்பங்கள்

1936 கோடையில் அரசுப் பணியிலிருந்து விடுப்புப் பெற்று, 'ஃபார்ச்சூன்' இதழுக்காக எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியுடன் அலபாமாவின் ஹேல் கவுண்டிக்குச் சென்றார். பருத்தியை வாரத்துக்குப் பயிரிட்ட மூன்று ஏழைக் குடும்பங்களின் வாழ்வை இருவரும் சில வாரங்கள் பதிவு செய்தனர். இதழ் கட்டுரையை வெளியிடவில்லை. விரிவாக்கப்பட்ட வடிவம் 1941இல் 'லெட் அஸ் நவ் பிரெய்ஸ் ஃபேமஸ் மென்' என்னும் நூலாக வெளிவந்தது. எவன்சின் படங்கள் எவ்விதக் குறிப்பும் இன்றி நூலின் தொடக்கத்தில் தனியாக வைக்கப்பட்டன. அப்போது மிகச் சில படிகளே விற்றன. 1960இல் கூடுதல் படங்களுடன் வெளிவந்த மறுபதிப்பு பரவலாக வாசிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே, 1955இல், ஏஜி மறைந்துவிட்டார்.

செய்முறை

எவன்ஸ் 1930களில் பெரும்பாலும் 8 அங்குலத்துக்கு 10 அங்குல அளவுள்ள படச்சுருளைப் பயன்படுத்தும் பெரிய ஒளிப்படக்கருவியைக் கையாண்டார். இதை முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, பின்புறக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்தே படத்தை அமைக்க வேண்டும். படச்சுருள் பெரியதாகையால் நுண்ணிய விவரங்களும் தெளிவாகப் பதியும். பலகையின் எழுத்துகள் மட்டுமன்றி உரிந்த வண்ணம், மரத்தின் வெடிப்பு, ஆணியின் துரு ஆகியவையும் புலப்படும். இவ்வகைக் கருவியில் வில்லையை மட்டும் மேலே உயர்த்த இயலும். எனவே கருவியை அண்ணாந்து சாய்க்கத் தேவையில்லை. கட்டடத்தின் செங்குத்துக் கோடுகளும் சாயாமல் நேராக அமையும்.

கட்டடங்களை நேர் எதிரில் நின்று படம் பிடிப்பது இவரது வழக்கம். பக்கவாட்டில் விழும் வெயிலில் மரப்பலகைகளின் சொரசொரப்புத் தெளிவாகத் தெரியும் என்பதால் அத்தகைய நேரத்துக்குக் காத்திருப்பார். உண்மை ஆவணம் என்பது காவல்துறை எடுக்கும் படம் போன்றது, பயன்பாட்டுக்கு உரியது என்றும், தாம் செய்வது ஆவணத்தின் நடையை மேற்கொண்ட கலை என்றும் இவர் வேறுபடுத்தி விளக்கினார்.

1938 கண்காட்சியும் பிற்காலப் பணிகளும்

1938இல் நவீன கலை அருங்காட்சியகம் 'அமெரிக்கன் போட்டோகிராப்ஸ்' என்னும் பெயரில் இவரது 100 படங்களைக் காட்சிக்கு வைத்தது. 87 படங்கள் கொண்ட நூலும் உடன் வெளிவந்தது. நூலின் முதல் படம் வாகன உரிமத்துக்கான முகப்படங்கள் எடுக்கும் சிறு நிலையம். சுவரெங்கும் எழுத்துகள் நிறைந்தது. இரண்டாவது மேற்குறிப்பிட்ட சவானா பலகணி. படங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதும் பொருள் தரும் என்பதை இந்நூல் காட்டியது.

1938 முதல் 1941 வரை, மேலங்கிக்குள் மறைத்த 35 மி.மீ. கான்டாக்ஸ் கருவியால் நியூயார்க் சுரங்கத் தொடர்வண்டிப் பயணிகளை அவர்கள் அறியாமல் படம் பிடித்தார். இப்படங்கள் 1966இல்தான் நூலாயின.

1945 முதல் 1965 வரை 'ஃபார்ச்சூன்' இதழில் பணியாற்றினார். வணிகத்தின் வளர்ச்சியைக் கொண்டாடிய அவ்விதழில், வணிகம் கைவிட்டுச் சென்றவற்றைப் பற்றிய படக்கட்டுரைகளைத் தாமே எழுதி, படமெடுத்து, வடிவமைத்து வெளியிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. பழைய கடைவீதி அஞ்சலட்டைகள் (1948), ஓடும் தொடர்வண்டியின் சாளரத்திலிருந்து கண்ட காட்சிகள் (1950), எளிய கைக்கருவிகள் (1955), மறைந்து வந்த சரக்குத் தொடர்வண்டிச் சின்னங்கள் (1957), நடைபாதையில் பொருள்களைப் பரப்பி விற்கும் கடைகள் (1958), பழைய வாகனக் கிடங்கு (1962) ஆகியன அவற்றுட் சில.

1965இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1973இல் உடனடிப் படம் தரும் போலராய்ட் எஸ்எக்ஸ்-70 கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார். உடல் நலிவால் பெரிய கருவியைச் சுமக்க இயலாத நிலையில் இக்கருவி பெரிதும் உதவியது. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 2,500க்கும் மேற்பட்ட வண்ணப் படங்களை எடுத்தார். பலகைகளின் தனி எழுத்துகள், அம்புக்குறிகள், சாலையில் தீட்டிய குறியீடுகள் ஆகியவை இவற்றில் மிகுதி. 1975 ஏப்ரல் 10 அன்று கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் காலமானார்.

விமர்சனங்கள்

எவன்சின் பணி குறித்துப் பல கேள்விகள் எழுப்பப்பட்டுள்ளன. உழவர் வீடுகளில் பொருள்களை இடம் மாற்றாமல் படம் எடுத்ததாகக் கருதப்பட்டாலும், ஏஜியின் எழுத்தில் உள்ள பொருட்பட்டியலோடு ஒப்பிட்ட பிற்கால ஆய்வாளர்கள் இதனை ஐயுற்றனர். படங்கள் உலகப் புகழ் பெற்றபோதும் அவற்றில் இடம்பெற்ற குடும்பங்களுக்குப் பயன் ஏதும் கிட்டவில்லை என்ற மனக்குறை அக்குடும்பத்தினர் சிலரிடம் இருந்தது. அக்குடும்பங்களின் அடுத்த தலைமுறையைத் தேடிச் சென்று டேல் மகாரிட்ஜ், மைக்கேல் வில்லியம்சன் ஆகியோர் எழுதிய நூல் 1990இல் புலிட்சர் பரிசு பெற்றது.

இறுதிக் காலத்தில் எவன்ஸ் பலகைகளைப் படம் எடுத்ததோடு நில்லாது, சில வேளைகளில் உரியவரின் அனுமதியின்றியே கழற்றி எடுத்துச் சென்று தம் வீட்டில் சேர்த்தார். 1971இல் யேலில் நடந்த கண்காட்சியில் படங்களுடன் உண்மையான பலகைகளும் வைக்கப்பட்டன. படம் எடுப்பவரால் பலகை தன் இடத்திலேயே இருக்கும். கழற்றிச் செல்பவரோ தாம் போற்றும் தெருவிலிருந்தே ஒன்றைக் குறைத்துவிடுகிறார். மறைந்து வருவனவற்றைத் திரட்டும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல் இது.

செல்வாக்கு

சுவிட்சர்லாந்தில் பிறந்த ராபர்ட் ஃபிராங்க், எவன்சின் ஆதரவுடன் 1955இல் குகன்ஹைம் நல்கை பெற்று அமெரிக்கா முழுவதும் பயணம் செய்து 'தி அமெரிக்கன்ஸ்' நூலுக்கான படங்களை எடுத்தார். ஹேல் கவுண்டியுடன் குடும்பத் தொடர்புடைய வில்லியம் கிறிஸ்டன்பெர்ரி (1936-2016) அங்குள்ள அதே கட்டடங்களை ஆண்டுதோறும் மீண்டும் படம் பிடித்து அவற்றின் சிதைவைப் பதிவு செய்தார். ஜான் மார்கோலிஸ் (1940-2016) அமெரிக்காவின் சாலையோர உணவகங்கள், எரிபொருள் நிலையங்கள், பலகைகள் ஆகியவற்றை வண்ணத்தில் ஆவணப்படுத்தினார்.

தமிழ்நாட்டுச் சூழலில்

எவன்ஸ் இந்தியாவைப் படம் பிடித்தவர் அல்லர். எனினும் இவரது முறை இந்நாட்டுச் சிற்றூர்களுக்கும் பொருந்துவதே. பெத்லகேமுக்கு எஃகு போல, கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் பீங்கான் தொழிலால் அறியப்படும் ஊர். விருத்தகிரீசுவரர் கோயில் கல்வெட்டுகள் படியெடுத்துக் காக்கப்படுகின்றன. அதே ஊரின் தொழிற்கூடப் பெயர்ப்பலகைக்கும் கடை முகப்புக்கும் அத்தகைய காப்பு ஏதும் இல்லை. தமிழ்நாட்டு நகரங்களில் ஓவியர்கள் தூரிகையால் எழுதிய பலகைகளும் சுவர் விளம்பரங்களும் 2000களில் கணினியில் அச்சிட்ட பிளெக்ஸ் பதாகைகளுக்கு இடம் விட்டன. எழுதிய ஓவியர், எழுத்தின் வடிவம், கடை தொடங்கிய ஆண்டு, பழைய தொலைபேசி எண்ணின் இலக்கங்கள் போன்ற உள்ளூர் வரலாற்றுச் செய்திகளும் பலகையோடு சேர்ந்தே மறைகின்றன. நேர் எதிரில் நின்று, எழுத்துகள் படிக்கும்படி படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து வைப்பதற்கு இன்று ஒரு செல்பேசியே போதுமானது.

படங்களின் இருப்பிடம்

அரசுப் பணியில் எடுத்த படங்கள் வாசிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் உள்ளன. இவை பொது உரிமைப் பரப்பில் உள்ளதால் எவரும் பயன்படுத்தலாம். படச்சுருள்கள், கடிதங்கள், அஞ்சலட்டைகள் அடங்கிய இவரது சொந்த ஆவணத் தொகுப்பை 1994இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது.

நூல்கள்

- அமெரிக்கன் போட்டோகிராப்ஸ் (1938)
- லெட் அஸ் நவ் பிரெய்ஸ் ஃபேமஸ் மென் - ஜேம்ஸ் ஏஜியுடன் (1941)
- மெனி ஆர் கால்ட் (1966)
- மெசேஜ் ஃபிரம் தி இன்டீரியர் (1966)
- ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட் (1978, மறைவுக்குப் பின் வெளிவந்தது)