அமிர்தலிங்கம் மீதான இராசத்துரோக வழக்கு

1989 பெப்ரவரித் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தில் போட்டியிட்ட அ. அமிர்தலிங்கம் தோற்றுப்போனார். வாவிக்கரைக் கிராமங்களில் அன்று அவரைப் பார்த்தவர்களில் இளையோர் பலருக்கு, 13 ஆண்டுகளுக்கு முன் அவர் குற்றவாளிக் கூண்டில் நின்ற கதை தெரிந்திருக்காது.

1927இல் பண்ணாகத்தில் பிறந்தவர். சட்டத்தரணி. 1956 முதல் 1970 வரை வட்டுக்கோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர்.

1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த வாரமே, குடியரசு தினத்தைப் புறக்கணிக்கக் கோரும் துண்டுப்பிரசுரங்களை விநியோகித்ததற்காக அமிர்தலிங்கமும் வேறு தமிழ்த் தலைவர்களும் கைதானார்கள். அவர்மீது அவசரகாலச் சட்டவிதிகளின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. யூரிகள் இல்லை, மூன்று நீதிபதிகள் கொண்ட 'ட்ரயல் அட் பார்' விசாரணை.

முடியாட்சியை 1972 அரசியலமைப்பு அகற்றிவிட்டது. ஆனாலும் தமிழர் வாயில் அக்குற்றத்தின் பெயர் இராசத்துரோகம்தான். இராசா இல்லாத நாட்டில் இராசத்துரோகம்! எதிர்த்தரப்பு வாதமும் ஏறத்தாழ அந்த இடத்தையே தொட்டது. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைப் புறந்தள்ளி, நவரங்கஹலவில் கூடி இயற்றிய அரசியலமைப்பே செல்லாது; அது செல்லாவிட்டால் அதன்கீழ் வந்த விதிகளும் செல்லா.

ஜீ. ஜீ. பொன்னம்பலமும் மு. திருச்செல்வமும் வாதத்தை முன்னின்று நடத்தினர். நடக்கவே சிரமப்பட்ட செல்வநாயகமும் மன்றுக்கு வந்தார். காலமெல்லாம் எதிரெதிராக அரசியல் செய்த பொன்னம்பலமும் செல்வநாயகமும் ஒரே பக்கத்தில் நின்றது அப்போது பெரிய பேச்சு.

அரசியலமைப்பைக் கேள்விக்குட்படுத்த நீதிபதிகள் உடன்படவில்லை. ஆனால் அவசரகால விதிகள் முறைப்படி நடைமுறைக்கு வரவில்லை என்ற ஆட்சேபத்தை ஏற்று அவரை விடுவித்தனர். சட்டமா அதிபரின் மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. பின்னர் வழக்கு கைவிடப்பட்டது.

அந்த மூவருக்கும் அதன்பின் ஆயுள் நீளவில்லை. 1976 நவம்பரில் திருச்செல்வம், 1977 பெப்ரவரியில் பொன்னம்பலம், ஏப்ரலில் செல்வநாயகம். செல்வநாயகத்தின் காங்கேசன்துறையில் யூலையில் வென்ற அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் தமிழர் அவர்தான். 1983இல் ஆறாம் திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை மறுத்ததால் ஆசனம் பறிபோனது.

மட்டக்களப்பில் தோற்றவர் தேசியப்பட்டியல் மூலம் மீண்டும் பாராளுமன்றம் போனார். 1989 யூலை 13இல் கொழும்பு வீட்டுக்குப் பேச வந்த விடுதலைப் புலிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.