பெட்டிக்குள் உட்கார்ந்து மூச்சை எண்ணியவர்

காற்றே புகாத ஒரு பெட்டி. அதற்குள் ஒரு மனிதர் போய் உட்கார்ந்துகொள்கிறார். கதவு மூடப்படுகிறது. மணிக்கணக்கில் உள்ளேயே இருக்கிறார். தலை வலிக்கிறது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. அவரோ, மூச்சு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறார்!

அவர்தான் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் 1860-ம் ஆண்டு பிறந்தவர். வைத்தியம் படித்தும், மருந்து எழுதிக் கொடுக்கப் போகவில்லை. ஆக்ஸ்போர்டில் இருந்துகொண்டு மூச்சை ஆராய்ந்தார். சோதனை என்றால் முதலில் தம் உடம்பில்தான்.

பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி, 1964-ல் புவனேசுவரத்தில் காலமான விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் இவருடைய மகன். அவர் சிறுவனாக இருந்தபோதே தகப்பனார் அவரைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போனார். கெட்ட வாயு தேங்கிய இடத்தில் நிற்கவைத்து நாடக வசனம் ஒப்பிக்கச் சொன்னார். பையன் தலை சுற்றிக் கீழே விழுந்தான். தரையில் நல்ல காற்று இருந்தது. அந்த வாயு மேலேதான் தங்கும் என்பது பாடம். இப்படியும் ஒரு தகப்பனா என்று தாய்மார்கள் கேட்கலாம்!

சரி, பெட்டிக்குள் அவர் கண்டது என்ன?

பிராணவாயு குறைவதால் மூச்சு முட்டுகிறது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பெட்டியிலிருந்து கரியமில வாயுவை மட்டும் அகற்றியபோது, பிராணவாயு ஓரளவு குறைந்தும் அவருக்கு அவ்வளவாக மூச்சு வாங்கவில்லை. 1905-ல் பிரீஸ்ட்லி என்பவருடன் சேர்ந்து இதை நிலைநாட்டினார். மூச்சின் கடிவாளம் கரியமில வாயுவின் கையில்! நுரையீரல் காற்றில் அது ஆயிரத்துக்கு 2 பங்கு கூடினாலே மூச்சு இரட்டிப்பாகும்.

கழிவு வாயுதானே, போகட்டும் என்றும் விட முடியாது. பயந்துபோனவரைப் பாருங்கள். உடம்புக்குத் தேவை இல்லாமலே வேகவேகமாக மூச்சு விடுகிறார். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது. விரல் நுனி மதமதக்கிறது. உயிரே போகிறதோ என்று பயம் கூடுகிறது. பயம் கூட, மூச்சும் கூடுகிறது! அவரைப் பிடித்து உட்கார வைத்து, நன்றாக இழுத்து இழுத்து மூச்சு விடச் சொல்வது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதுதான். மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்வதே நல்லது. நெஞ்சு வலி என்றால் மட்டும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

1915-ல் ஜெர்மானியர் போர்முனையில் விஷவாயுவை ஏவியபோது, பிரிட்டிஷ் சர்க்கார் ஹால்டேனைத்தான் அங்கே அனுப்பியது. வாயு தாக்கிப் பிழைத்த சிப்பாய்கள் பலருக்கு, நாள் பல ஆகியும் மூச்சு பழைய நிலைக்கு வரவில்லை. சிறு வேலைக்கும் இளைத்தது. மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடியது. மூச்சை நடத்தும் ஒழுங்கே கெட்டிருக்கிறது என்று ஹால்டேனும் அவருடைய தோழர்களும் 1918-ல் எழுதினார்கள்.

வயதானபின்பும் அவர் ஓயவில்லை. பாரசீகத்துக்கும் ஈராக்குக்கும் போய், எண்ணெய் ஆலைகளில் வெப்பம் தாக்கியவர்களைப் பற்றி ஆராய்ந்து திரும்பினார். வந்ததும் நிமோனியாவில் படுத்தார். 1936 மார்ச் மாதம், ஆக்ஸ்போர்டில், 75-வது வயதில் அவர் மூச்சு நின்றது.