ரோசாப்பூ துரை ஜார்ஜ் ஜோஸப்

மதுரை மாநகரின் மேற்குப் புறத்தில் வைகைக் கரையை ஒட்டியுள்ள ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிச் சீமைக்குப் போகிறவர்கள் இன்று பஸ் சீட்டு ஒன்று வாங்கினால் போதும். அதே சீமையில் ஒரு தலைமுறைக் காலம், தன் ஊரை விட்டு அயலூருக்குப் போக வேறொரு சீட்டும் வேண்டியிருந்தது. ராதாரிச் சீட்டு என்பது அதன் பெயர். அதைக் கையில் வையாதவன் திருடாமலே கைதியானான். இந்தக் கொடுமையை எதிர்த்து வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோஸப்பின் சரித்திரத்தை நேயர்களுக்கு நினைவூட்டுவது நம் கடமையெனக் கருதுகிறோம்.

ஜோஸப் மதுரையில் பிறந்தவரல்லர். 1887-ம் வருஷம் திருவாங்கூர் சமஸ்தானத்துச் செங்கன்னூரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும், எடின்பரோவிலும் பயின்று, லண்டனில் பாரிஸ்டரானார். 1909-ல் தாய்நாடு திரும்பிச் சிறிது காலம் சென்னையில் தொழில் நடத்திப் பின் மதுரையில் குடியேறினார். பெரிய வரும்படிக்குரிய படிப்பும் திறமையும் அவரிடம் இருந்தன. ஆயினும் ஏழைகளின் வழக்குகளே அவரைத் தேடி வந்தன. ஹார்வி மில் தொழிலாளருக்கு 1918-ல் சங்கம் ஏற்பட்டபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். ஹோம் ரூல் இயக்கத் தூதராக இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அவரை, ஜிப்ரால்டரிலேயே மறித்துத் திருப்பியனுப்பியது சர்க்கார்.

குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871-ல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்டது. 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-க்குப் பின், மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளர் கிராமங்களில் படிப்படியாகப் புகுத்தப்பட்டது. இதன் அமைப்பை நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கவனிக்க வேண்டும். ஒரு சமூகம் முழுவதையும் குற்றம் புரியும் கூட்டமென்று சர்க்கார் கெஜட்டில் விளம்பரம் செய்துவிடலாம். பிறகு ஜில்லா மாஜிஸ்ட்ரேட் ஜாபிதா தயாரிப்பார். வயது வந்த ஆடவர் கைரேகை பதிக்க வேண்டும். ஜனங்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். இரவில் போலீஸ் கச்சேரியிலோ குறித்த இடத்திலோ ஆஜராகிப் படுக்க வேண்டும். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் அடைக்கவும் அதிகாரமுண்டு. இவை யாவற்றிலும் கொடியது மற்றொன்று. சர்க்காரின் விளம்பரம் செல்லுமா செல்லாதா என்று எந்தக் கோர்ட்டும் விசாரிக்கலாகாது எனச் சட்டமே தடுத்துவிட்டது. திருடியவனுக்கும் வக்கீல் வைத்து வாதாட உரிமையுண்டு. பிறப்பால் திருடனென்று எழுதப்பட்டவனுக்கு அந்த எழுத்தை மறுக்க வழியில்லை.

1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி காலையில், பெருங்காமநல்லூர் ஜனங்களின் ரேகையைப் பதிவு செய்ய ஆயுதம் தாங்கிய போலீஸார் சென்றனர். ஊரார் மறுத்தனர். துப்பாக்கிகள் வெடித்தன. 16 பேர் மாண்டனர். அவர்களில் மாயக்காள் என்னும் பெண்மணியும் ஒருவர். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவர் என்று ஊரார் இன்றும் சொல்கின்றனர். எஞ்சியோரில் பலர் விலங்கிடப்பட்டுத் திருமங்கலத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். ஜாலியன்வாலாபாக் நடந்து அப்போது ஓராண்டும் நிரம்பவில்லை. அமிர்தசரஸின் துயரத்துக்காகத் தேசமெங்கும் ஹர்த்தாலும் கூட்டங்களும் நடந்தன. ஹண்டர் கமிட்டியும் விசாரித்தது. பெருங்காமநல்லூரைப் பற்றித் தேசம் அத்துணை பேசவில்லை. சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் ஏற்கெனவே கெஜட்டில் குற்றவாளிகளாகப் பதியப்பட்டிருந்தார்களல்லவா?

ஜோஸப் இந்த மௌனத்தை ஏற்கவில்லை. சிறைப்பட்டவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார். சட்டத்தின் மூலத்தைத் தொடக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லாததால், பத்திரிகைகளில் எழுதிப் பொது ஜனங்களின் முன் வழக்கை வைத்தார். அவருக்குக் கள்ளர் சமூகம் உறவன்று. ஜாதியும் வேறு, சமயமும் வேறு, தாய்மொழியும் வேறு. அச்சமூகத்தார் அவரை ரோசாப்பூ துரை என அன்புடன் அழைத்தனர். தம் குழந்தைகளுக்கும் ரோசாப்பூ எனப் பெயரிட்டனர்.

பெருங்காமநல்லூரை இனப்படுகொலை என்று நாம் கூறவில்லை. ஓர் இனத்தை இனம் என்பதற்காகவே அழிக்கும் நோக்கம் இருந்தாலன்றி அச்சொல் பொருந்தாது. அச்சொல்லை ஆங்கிலத்தில் 1944-ல் ஆக்கிய ராபேல் லெம்கினும் ஜோஸப்பைப் போல ஒரு வழக்கறிஞர். நாஜிகளால் உற்றார் பலரை இழந்த யூதர். ஐக்கிய நாடுகள் சபை 1948 டிசம்பர் 9-ந் தேதி நிறைவேற்றிய ஒப்பந்தம், குழந்தைகளைப் பலவந்தமாக வேறு கூட்டத்துக்கு மாற்றுவதையும் அழிக்கும் நோக்கத்துடன் செய்தால் இக்குற்றத்தில் சேர்க்கிறது. படுகொலைக்கு முன் நடப்பவற்றைப் பார்த்தால் மதுரை ஜில்லா வெகு தூரத்தில் இல்லை என்பது விளங்கும். ஜெர்மனியில் ஜிப்ஸிகள் எனப்பட்ட ரோமா மக்களைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதிப் போலீஸார் பதிவு செய்தனர். 1938-ல் அது தேசமெங்கும் உத்தரவாயிற்று. பின்பு லட்சக்கணக்கானோர் மாண்டனர். ருவாண்டாவில் பெல்ஜியர் 1930-களில் இனம் குறித்த அடையாளச் சீட்டு வழங்கினர். 1994-ல் சுமார் 100 நாட்களில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது, சாலைத் தடைகளில் அச்சீட்டே சாவோலையாயிற்று. ஜாபிதா எழுதிய இடமெல்லாம் படுகொலை நடந்ததில்லை என்பதும் உண்மை. ஆனால் தடுக்க எண்ணுவோர் துப்பாக்கி தூக்கப்படும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஜாபிதா தயாராகும்போதே தகராறு செய்ய வேண்டும். அதற்கு அந்த ஜாபிதாவில் பெயரில்லாதவர்கள் முன்வர வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். ஜோஸப் முன்வந்தார், அவரைப் போன்றவர் போதுமான அளவில் இல்லை.

பின்னர் அவர் அலகாபாத்தில் மோதிலால் நேருவின் இண்டிபெண்டன்ட் பத்திரிகைக்கு ஆசிரியராகி, 1921-ல் சிறை புகுந்தார். 1923-ல் காந்தியடிகளின் யங் இந்தியாவை நடத்தினார். 1924-ல் வைக்கம் சத்தியாக்கிரகத்தில் கைதானார். அது ஹிந்துக்களே தீர்க்க வேண்டிய காரியம் என்று காந்தியடிகள் கருதினார். பிறருக்காகப் போராடுவதையே வழக்கமாகக் கொண்ட ஜோஸப்புக்கு அது வருத்தமளித்திருந்தால் வியப்பில்லை. மீண்டும் மதுரையில் தொழில் நடத்தி, 1937-ல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1938 மார்ச் மாதத்தில், 50 வயதில், மதுரையில் காலமானார்.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ரத்தாயிற்று. முத்துராமலிங்கத் தேவர் முதலியோரின் நெடும் போராட்டத்தின் பயன் அது. இந்தியா முழுவதும் நீங்கியது 1952-ல். அதன் கீழிருந்த சமூகங்களைத் தமிழ்நாட்டு அரசு இன்று சீர்மரபினர் என்று குறிப்பிடுகிறது. ஜோஸப்பின் சிலை மதுரை யானைக்கல்லில் நிற்கிறது. அவ்வழியே போவோரில் பலர் அது யாருடையதென்று கேட்பதில்லை. பெருங்காமநல்லூரிலோ ஆண்டுதோறும் ஏப்ரல் 3-ந் தேதி ஜனங்கள் நினைவுத் தூணின் முன் கூடி, இறந்த 16 பேருக்கு அஞ்சலி செலுத்துகின்றனர். சர்க்கார் ரேகையாக மட்டும் பதிய நினைத்தவர்களை ஊரார் பெயராலேயே நினைவில் வைத்திருக்கின்றனர்.