மேஜர் கார்ட்ரைட்

பிரிட்டிஷ் பார்லிமெண்டைப் பார்லிமெண்டுகளுக்கெல்லாம் தாய் என்று போற்றுவோர் பலர். அத்தாயின் பழைய கோலம் எத்தகையது என்பதை அவர்கள் எடுத்துச் சொல்வதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸால்ஸ்பரி நகருக்கு அருகே ஓல்டு ஸேரம் என்றொரு மேடு இருந்தது. பழங்கோட்டையின் இடிபாடும் புல்லுமே அங்கு எஞ்சியிருந்தன. அம்மேட்டுக்குப் பார்லிமெண்டில் இரண்டு ஸ்தானங்கள். டன்விச் என்ற ஊரின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அதற்கும் இரண்டு ஸ்தானங்கள். கார்ன்வால் ஜில்லா ஒன்றுக்கு மட்டும் 44 அங்கத்தினர்கள். ஆலைகளும் ஜனங்களும் நாளுக்கு நாள் பெருகிவந்த மான்செஸ்டர், பர்மிங்ஹாம், லீட்ஸ் நகரங்களுக்கோ தமக்கென ஓர் அங்கத்தினர்கூட இல்லை.

இது ஆங்கிலேயர் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று வாசகர்கள் எண்ணலாம். அந்த ஓல்டு ஸேரம் மேட்டை 1691-ம் ஆண்டில் விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். இந்திய வியாபாரத்தில் பொருள் திரட்டியவர். 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர். அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735-ல் அதே மேட்டின் பிரதிநிதியாகத்தான் பார்லிமெண்டில் முதலில் புகுந்தார். ஆற்காட்டு நவாபுக்குக் கடுவட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த பால் பென்பீல்டு என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் 1780-ல் பார்லிமெண்டு அங்கத்தினரானார். நவாபின் கடனுக்கு ஈடாக எழுதிவைக்கப்பட்டதோ நம் உழவர் செலுத்திய நிலவரி. வயலில் வியர்வை சிந்தியவன் இங்கே. அப்பணத்தால் ஸ்தானம் பெற்றுச் சட்டம் செய்தவன் அங்கே. பணத்துக்கு ஸ்தானம் விற்கும் சபையின் கேடு அந்நாட்டோடு நிற்கவில்லை என்பதை நாம் மறப்பதற்கில்லை.

அந்தக் கேட்டை எதிர்த்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சலியாது உழைத்த ஒருவருடைய வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் ஜான் கார்ட்ரைட். 1740-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த மார்ன்ஹாம் என்ற ஊரில் நிலக்கிழார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையிலேயே கடற்படையில் சேர்ந்து, 1759-ல் பிரெஞ்சுக்காரருடன் நடந்த கிபெரான் விரிகுடாப் போரில் கலந்துகொண்டார். பின்னர் நியூபவுண்ட்லாந்துத் தீவில் உத்தியோகம் பார்த்தார். 1768-ல் அத்தீவின் பழங்குடி மக்களைத் தேடி உள்நாட்டுக்குள் பிரயாணம் செய்தார். உடல் நலம் குன்றியதால் 1771-ல் ஊர் திரும்பினார்.

அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் தங்கள் உரிமைக்காக எழுந்த காலம் அது. 1774-ல் கார்ட்ரைட் அந்நாடுகளின் சுதந்திரத்தை ஆதரித்து ஒரு நூல் எழுதினார். அமெரிக்கா தன்னரசு பெறுவதே இங்கிலாந்துக்கு நன்மையும் பெருமையும் தரும் என்பது அதன் முடிவு. எழுதுவது எளிது, சோதனை பின்னால் வந்தது. போர் மூண்டபின் ஹவ் பிரபுவின் தலைமையில் கடற்படை வேலையை ஏற்குமாறு அவருக்கு அழைப்பு வந்தது. கடற்படையை அவர் உயிர்போல நேசித்தவர். மறுத்தால் இனி உயர்வில்லை என்பதையும் அறிந்தவர். ஆயினும், நியாயம் எதிர்த்தரப்பில் இருக்கிறது என்று கண்டபின் அவர்கள்மீது பீரங்கி சுட மனம் ஒப்பவில்லை. மறுத்துவிட்டார். அத்துடன் அவருடைய கடற்படை வாழ்வு முடிந்தது. 1775-ல் ஜில்லாக் காவற்படையில் மேஜர் பதவி பெற்றிருந்தார். அந்தப் பட்டமே கடைசிவரை அவர் பெயருடன் நிலைத்தது. பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடியவர் என்பதால் பிற்காலத்தில் அப்பதவியையும் சர்க்கார் பறித்துக்கொண்டனர்.

1776-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு நூல் ஒன்று அவருடைய வாழ்நாள் வேலையைத் தீர்மானித்துவிட்டது. அமெரிக்கருக்குப் பிரதிநிதித்துவம் இல்லை என்று பேசுகிறோமே, இங்கிலாந்தில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்று அவர் கேட்டார். நிலம் உடையவனுக்கே வோட்டு என்பது அக்காலத்துச் சான்றோரின் துணிபு. கார்ட்ரைட் அதை அடியோடு மறுத்தார். சட்டத்துக்குக் கட்டுப்படுபவன் மனிதன்; வரி கொடுப்பவன் மனிதன்; போரில் மாள்பவன் மனிதன்; ஆதலின் வோட்டும் மனிதனையே சார்ந்தது என்று வாதித்தார். வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் வோட்டு, ஜனத்தொகைக்கு ஏற்பச் சமமான தொகுதிகள், ரகசிய வோட்டு முறை, ஆண்டுதோறும் தேர்தல் ஆகியவை அவருடைய கோரிக்கைகள். பெரிய மனிதர்கள் நகைத்தனர். அவர் பொருட்படுத்தவில்லை. 1780-ல் நண்பர்களுடன் ஒரு சங்கம் அமைத்து, அரசியல் உரிமைகளை விளக்கும் பிரசுரங்களை இலவசமாக வழங்கச் செய்தார்.

1794-ல் அடக்குமுறை தலைவிரித்தாடியது. தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தொழிலாளியும், ஹார்ன் டூக், தெல்வால் முதலியோரும் ராஜத்துரோகக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டனர். தண்டனை தூக்கு. அச்சத்தால் பலர் வாய் மூடிய அவ்வேளையில் கார்ட்ரைட் நீதிமன்றம் சென்று ஹார்ன் டூக்குக்காகச் சாட்சி சொன்னார். ஜூரிகள் மூவரையும் விடுவித்தனர்.

இங்கே அவருடைய குடும்பத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். 1785-ல் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்ற எட்மண்டு கார்ட்ரைட் இவருடைய தம்பி. அத்தறியிலிருந்து வளர்ந்த இயந்திரங்களே பின்னாளில் லங்காஷயர் கைத்தறியாளரின் வாயில் மண்ணைப் போட்டன. நம் நாட்டு நெசவாளரையும் அவை விட்டுவைக்கவில்லை. 1809-ல் பார்லிமெண்டு தம்பிக்கு 10,000 பவுன் சன்மானம் அளித்தது. இயந்திரம் செய்தவருக்குச் சன்மானம் கிடைத்தது. அதனால் பிழைப்பிழந்தவன் முறையிட அச்சபையில் பிரதிநிதி இல்லை. அந்த நெசவாளருக்கு வோட்டுக் கேட்டு ஊர் ஊராகச் சென்றவர் தமையன்.

1812-ல் லண்டனில் ஹாம்டன் சங்கம் தோன்றியது. மன்னரின் முறையற்ற வரியை எதிர்த்துப் பதினேழாம் நூற்றாண்டில் வழக்காடிய ஜான் ஹாம்டனின் பெயர் அதற்கு இடப்பட்டது. ஆண்டுக்கு 300 பவுன் நில வருமானம் உடைய கனவான்களே அதில் சேரலாம். விருந்துண்டு கலைவதே அத்தகைய சபைகளின் வழக்கம். இவர்களால் நாடு திருந்தாது என்று கண்ட கார்ட்ரைட் வண்டி ஏறினார். 1813-ம் ஆண்டின் தொடக்கத்தில், தமது 72-வது வயதில், கடுங்குளிரில் 29 நாட்களில் 900 மைல் பிரயாணம் செய்து 35 ஊர்களில் கூட்டம் நடத்தினார். அவ்வட்டாரங்களில் வேலையிழந்த தொழிலாளர் இயந்திரங்களை உடைத்துக்கொண்டிருந்தனர். அதற்காக அந்த ஜனவரியில்தான் யார்க் நகரில் பலர் தூக்கிலிடப்பட்டிருந்தனர். சம்மட்டியைக் கீழே போட்டு மனுவில் கையெழுத்திடுங்கள் என்பதே அவர் அம்மக்களுக்குச் சொன்ன உபதேசத்தின் சாரம். ஹட்டர்ஸ்பீல்டு என்ற ஊரில் அதிகாரிகள் அவரைப் பிடித்து, காகிதங்களைச் சோதித்துவிட்டு விடுவித்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் அப்பிரயாணத்தின் பலன்.

அவருடைய முறை மிக எளிது. மனு செய்துகொள்வது பிரஜைகளின் உரிமை என்று 1689-ம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்டிருந்தது. ஆகவே மனு வாசகத்தை ஒரே தாளில் அச்சடித்து ஊர்தோறும் அனுப்பினார். படிக்கத் தெரிந்தவன் மற்றவர்க்குப் படித்துக் காட்டினான். சில ஆண்டுகளில் வடக்கேயுள்ள நெசவூர்களிலெல்லாம் ஹாம்டன் சங்கங்கள் முளைத்தன. அங்கே 300 பவுன் வருமானம் தேவையில்லை. வாரம் ஒரு பென்னி சந்தா போதும். கனவான்களின் பெயரால் பிறந்த சங்கம் தொழிலாளரின் சொத்தாயிற்று.

கார்ட்ரைட்டிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. செல்வர்களின் துணை வேண்டும் என்று கருதி, அந்நாளைய மனுக்களில் நேர்முக வரி செலுத்துவோருக்கு வோட்டு என்ற அளவுக்குக் கோரிக்கையைச் சுருக்கிக்கொண்டார். 1817 ஜனவரியில் லண்டனில் கூடிய பிரதிநிதிகள் அதை ஏற்கவில்லை. சாமுவேல் பாம்போர்டு என்ற நெசவாளர் முதலியோர் எல்லோருக்கும் வோட்டு என்பதையே வற்புறுத்தினர். அவ்வாறே தீர்மானமும் நிறைவேறியது. தாம் 1776-ல் விதைத்ததைத் தொழிலாளர் தம்மிடமே திருப்பித் தந்ததைக் கண்டு கிழவர் உள்ளூர மகிழ்ந்திருப்பார் என்றே நம்புகிறோம். மற்றொரு குறை பெரியது. அவருடைய கோரிக்கை ஆண்களோடு நின்றுவிட்டது. சட்டத்துக்குக் கட்டுப்படும் மனிதருள் பாதிப்பேரை அவருடைய சமத்துவம் எண்ணவில்லை.

1817-ல் வந்து குவிந்த மனுக்களில் நூற்றுக்கணக்கானவற்றை, கையால் எழுதப்படாமல் அச்சடிக்கப்பட்டவை என்ற காரணம் காட்டிப் பார்லிமெண்டு தள்ளிவிட்டது. விசாரணையின்றிச் சிறையிடுவதற்கும் வழி செய்யப்பட்டது. 1819 ஜூலை 12-ந் தேதி பர்மிங்ஹாம் ஜனங்கள் நியூஹால் குன்றில் கூடி, தங்களுக்குச் சட்டம் மறுத்த பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுத்தனர். ஆகஸ்டு 16-ந் தேதி மான்செஸ்டரில் ஸெயிண்ட் பீட்டர் மைதானத்தில் சுமார் 60,000 பேர் குழந்தை குட்டிகளுடன் அமைதியாகக் கூடியபோது, குதிரைப்படை வாளுடன் பாய்ந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். மாண்டவர்களில் பெண்களும் உண்டு. பர்மிங்ஹாம் கூட்டத்தில் கலந்துகொண்ட குற்றத்துக்காகக் கார்ட்ரைட் 1820-ல் விசாரிக்கப்பட்டார். மறு ஆண்டில் 100 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது எண்பது.

பாஸ்டன், வெஸ்ட்மின்ஸ்டர் முதலிய தொகுதிகளில் அவர் தேர்தலுக்கு நின்றதுண்டு, ஒருமுறையேனும் வென்றதில்லை. தாம் திருத்த முயன்ற சபைக்குள் அங்கத்தினராக அவர் அடி வைத்ததே இல்லை. 1824 செப்டம்பர் 23-ந் தேதி லண்டனில் காலமானார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜெபர்ஸன் அவருக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். தாம் நேசித்த ஒரு குடியரசிலிருந்து கிடைத்த அந்த மரியாதையே அவர் கண்ட பரிசு.

அவர் மறைந்த எட்டாம் ஆண்டில், 1832-ல், ஓல்டு ஸேரமும் டன்விச்சும் ஸ்தானம் இழந்தன. மான்செஸ்டரும் பர்மிங்ஹாமும் பெற்றன. எனினும் தொழிலாளரில் பெரும்பாலோருக்கு வோட்டு வரவில்லை. 1838-ல் சாஸனவாதிகள் ஆறு கோரிக்கைகளுடன் கிளர்ச்சியைத் தொடங்கினர். அவற்றில் முக்கியமானவை கார்ட்ரைட்டின் பழைய நூலில் கண்டவையே. அக்கிளர்ச்சியும் தோற்றதாகவே அன்று சொல்லப்பட்டது. ஆனால் 1872-ல் ரகசிய வோட்டு வந்தது. 1885-ல் தொகுதிகள் ஏறக்குறையச் சமமாக்கப்பட்டன. 1918-ல் வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் வோட்டுக் கிடைத்தது. 1928-ல் பெண்களும் சம உரிமை பெற்றனர். ஆண்டுதோறும் தேர்தல் என்பது மட்டும் நிறைவேறவில்லை.

நம் நாட்டில் 1951-52-ல் நடந்த முதற் பொதுத் தேர்தலிலேயே ஆண், பெண், உடையவர், இல்லாதவர் என்ற வேற்றுமையின்றி வயது வந்த எல்லோரும் வோட்டளித்தனர். வரிக்கும் சொத்துக்கும் கட்டுப்பட்ட பழைய வோட்டு முறை அத்துடன் ஒழிந்தது. ஒரு நாடு 1776 முதல் 1928 வரை நடந்து தீர்த்த தூரம் அது. அதனாலேயே, அத்தூரத்தை நடந்தவர்களின் கால்வலி நமக்கு மறந்துபோகலாம். தொகுதிகளின் எல்லையும் வோட்டர் ஜாபிதாவும் அதிகாரிகளின் காகித வேலை என்று அசட்டையாக இருப்பவன் ஓல்டு ஸேரம் மேட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வோட்டின் மதிப்பு மற்றொரு வோட்டுக்குக் குறையுமிடத்தில் அம்மேடு மீண்டும் எழும்பத் தொடங்குகிறது.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தால் மனம் சோர்வதும், ஒரு தேர்தலில் தோற்றால் வேலையை விடுவதும் நம்மிடையே உண்டு. 72 வயதுக் கிழவர் ஒருவர் மனுத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, பனி மூடிய பாதையில் அடுத்த நெசவூரை நோக்கி வண்டியில் சென்றதை அவர்கள் நினைவில் இருத்துவார்களாக.