இழுவலை வீசிய ஜாக் வெப்

துப்பறியும் படம் என்றால் துப்பாக்கியும் துரத்தலும்தான் என்றிருந்த என் எண்ணத்தை மாற்றியவர் ஜாக் வெப். 1920இல் கலிபோர்னியாவில் பிறந்த இவர் தந்தை முகம் அறியாதவர். தாயும் பாட்டியும் வறுமையில் வளர்த்த ஆஸ்துமாப் பிள்ளை.

1948இல் ஒரு போலீஸ் படத்தில் சிறு வேடம். அங்கே ஆலோசகராக வந்த அதிகாரி ஒருவரின் யோசனையால், உண்மை வழக்குகளை வைத்து 'டிராக்னெட்' நாடகத்தை 1949இல் வானொலியிலும் 1951இல் தொலைக்காட்சியிலும் தொடங்கினார். இழுவலை என்று பொருள்.

1954இல் அதைத் திரைப்படமாக்கினார். இயக்கமும் அவரே, சார்ஜென்ட் ஃபிரைடேயும் அவரே. வீட்டிலேயே இலவசமாகக் காண்பதற்குக் கொட்டகையில் யார் காசு கொடுப்பார்? வண்ணம் சேர்த்தார், அரைமணிக் கதையை ஒன்றரை மணியாக்கினார். ஆனால் வீடுவீடாகச் சென்று கேட்டறியும் சலிப்பான வேலையை மட்டும் குறைக்கவில்லை. வாரந்தோறும் தீர்ப்பைச் சொல்லித் தொடரை முடித்தவர், படத்தில் குற்றவாளியைக் கைதாகுமுன்பே நோய்க்குப் பலியாக்கிவிட்டார்! முதலில் ஏமாந்தேன், பிறகு அந்த முடிவே நெஞ்சில் நின்றது. போலீசின் நல்ல முகத்தையே காட்டினார் என்ற குறை உண்டு, நானும் மறுக்கமாட்டேன்.

1982 டிசம்பர் 23இல் மறைந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார், ஃபிரைடே அணிந்த 714ஆம் எண் வில்லையை இனி யாருக்கும் வழங்குவதில்லை என்று ஒதுக்கிவைத்தனர்.