3.6 விநாடியில் போன வெள்ளி.. பதக்கமே சுமையான சோகம்! யார் இந்த கோகிச்சி சுபுராயா?

1964 அக்டோபர் 21. டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தான் போட்டியின் கடைசிக் கட்டம். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 2 மணி 12 நிமிடம் 11 விநாடிகளில் ஓடி முடித்து, உலக சாதனையோடு தங்கத்தைத் தட்டிவிட்டார். அடுத்து ஸ்டேடியத்துக்குள் நுழையப்போவது யாரு? எல்லோர் கண்ணும் வாசல் மேலேயே இருக்க, உள்ளே வந்தவர் ஜப்பானின் 24 வயது கோகிச்சி சுபுராயா. அரங்கமே அதிர்ந்தது.

இன்னும் சில நூறு மீட்டர்தான்.. வெள்ளி கையில்! ஆனால் அவருக்குப் பின்னாடியே பிரிட்டனின் பாசில் ஹீட்லியும் வந்துகொண்டிருந்தார்.

கடைசி வளைவில் நடந்தது என்ன?

ஹீட்லி வேகமெடுத்தார். சுபுராயா திரும்பிப் பார்க்கவே இல்லை. பந்தயத்தில் பின்னால் பார்க்கக்கூடாது என்று சின்ன வயசில் அப்பா சொன்னதை அவர் கடைசிவரை கடைப்பிடித்தார் என்று ஜப்பானில் இன்றும் சொல்வார்கள். சொந்த நாட்டு ரசிகர்களின் கண் முன்னாலேயே ஹீட்லி அவரை முந்திப் போனார். வித்தியாசம் வெறும் 3.6 விநாடி. சுபுராயாவுக்குக் கிடைத்தது வெண்கலம்.

இதுவும் சாதாரணப் பதக்கம் இல்லை. 1936 பெர்லினுக்குப் பிறகு 28 ஆண்டுகளாக ஒலிம்பிக் தடகளத்தில் ஜப்பானுக்கு ஒரு பதக்கம்கூட இல்லை. அந்த வறட்சி தீர்ந்தது இவரால்தான். டோக்கியோவில் ஜப்பான் வாங்கிய ஒரே தடகளப் பதக்கமும் இதுதான். அதற்கு ஒரு வாரம் முன்பு 10,000 மீட்டரிலும் ஓடி 6வது இடம் பிடித்திருந்தார். இத்தனைக்கும் அவர் மாரத்தான் ஓடத் தொடங்கியதே அந்த வருஷம்தான்!

யார் இந்த சுபுராயா?

1940-ல் ஃபுகுஷிமா மாகாணத்தின் சுககாவா ஊரில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஜப்பானின் தரைப்படையான தற்காப்புப் படையில் சேர்ந்தார். ஓட்டத் திறமை அங்கே வெளியே தெரிந்தது. சொன்னதைச் செய்பவர், மேலதிகாரி பேச்சைத் தட்டாதவர் என்று பெயர் எடுத்தவர்.

அந்தக் குணமே பின்னால் அவருக்குப் பாரமாகவும் மாறியது.

வெண்கலம் எப்படிச் சுமையானது?

நாடே கொண்டாடியது. சுபுராயாவால் மட்டும் கொண்டாட முடியவில்லை. மக்கள் கண் முன்னால் வெள்ளியைத் தவறவிட்டது மன்னிக்க முடியாத தப்பு என்றே அவர் நினைத்தார். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் அதைச் சரிசெய்தே ஆகணும் என்று சக வீரர் கென்ஜி கிமிஹாராவிடம் சொல்லியிருந்தார். நாடும் அதையே எதிர்பார்த்தது.

இதற்கிடையில் அவருக்கு ஒரு பெண்ணோடு கல்யாணப் பேச்சு நடந்தது. ஒலிம்பிக் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று மேலதிகாரி தடை போட்டார். பெண் வீட்டாரால் அத்தனை காலம் காத்திருக்க முடியவில்லை. பேச்சு முறிந்தது. கல்யாணத்துக்கு ஆதரவாக நின்ற பயிற்சியாளரும் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். மனசு விட்டுப் பேசப் பக்கத்தில் இருந்த ஒருவரும் போய்விட்டார்.

உடம்புக்கு ஆபரேஷன்.. மனசுக்கு?

அடுத்த அடி உடம்பில் விழுந்தது. இடுப்பு வலி விடாமல் துரத்தியது. 1967-ல் முதுகெலும்பு டிஸ்க் பிரச்சினைக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியும் பழைய வேகம் வரவில்லை. மெக்ஸிகோ ஒலிம்பிக்குக்கு ஒரு வருஷம்தான் பாக்கி.

ஓட்டமே வாழ்க்கையாக இருக்கும் ஒருவருக்குக் காயம் என்பது வலி மட்டுமல்ல. தினசரிப் பயிற்சி நின்றுபோகும். அணியோடு இருந்த பழக்கம் விட்டுப்போகும். இனிமேல் நான் யாரு என்ற கேள்வி எழும். டிஸ்க்கைப் பார்க்க டாக்டர் இருந்தார். இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தவரைக் கவனிக்கும் ஏற்பாடு அன்றைய விளையாட்டு உலகில் கிடையாது.

1968 புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்க் குடும்பத்தோடு சாப்பிட்டுப் பேசி இருந்துவிட்டு முகாமுக்குத் திரும்பினார். ஜனவரி 9-ம் தேதி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 27. கடைசியாக எழுதிய கடிதத்தில் யார் மீதும் குறை சொல்லவில்லை. வீட்டார் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லியிருந்தார். அவர் இவ்வளவு சோர்ந்து போயிருந்தது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தோல்வி, காயம், காதல் என்று ஏதாவது ஒன்றைக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்தன. இறக்கி வைக்கத்தான் இடம் இல்லை.

அதே பந்தயம்.. இன்னொரு வீரர்!

கிமிஹாராவின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே டோக்கியோ மாரத்தானில் அவர் 8வது இடம். அவரும் நொறுங்கிப்போனார். இனி ஓடவே மாட்டேன் என்று தன் அணியிலிருந்து விலகினார். ஆனால் அவருக்கு ஓய்வு கிடைத்தது. கல்யாணமும் நடந்தது. தயாரானபோது மெல்லத் திரும்பி வந்து, 1966-ல் பாஸ்டன் மாரத்தானையும் ஆசிய விளையாட்டுப் போட்டித் தங்கத்தையும் வென்றார்.

1968-ல் மெக்ஸிகோவில் நண்பன் இல்லாமல் ஓடினார் கிமிஹாரா. இரண்டாவது இடத்தில் ஸ்டேடியத்தை நெருங்கும்போது, வழக்கத்துக்கு மாறாகத் திரும்பிப் பார்த்தார். நியூசிலாந்தின் மைக் ரயன் நெருங்கி வருவது தெரிந்தது. வேகத்தைக் கூட்டினார். 14 விநாடி வித்தியாசத்தில் வெள்ளி! சுபுராயா எந்த இடத்துக்காக ஏங்கினாரோ, அதே இடம். சுககாவாவில் சுபுராயா பெயரில் நடக்கும் நினைவு மாரத்தானில் பல ஆண்டுகள் கிமிஹாரா ஓடியிருக்கிறார்.

இரண்டு பேருக்கும் திறமையிலோ உழைப்பிலோ பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவருக்கு நிறுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது என்ன மாறியிருக்கு?

அதே டோக்கியோவில் 2021-ல் நடந்த ஒலிம்பிக்கில், அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் மனநலனைக் காரணம் காட்டி அணி இறுதிப்போட்டியின் நடுவே விலகினார். விமர்சனங்கள் வந்தன. ஆனால் பலர் துணை நின்றார்கள். சில நாளில் திரும்பி வந்து வெண்கலம் வென்றார். 2024 பாரிஸில் 3 தங்கம்.

முடியலை என்று ஒரு வீரர் சொல்வது பலவீனம் இல்லை என்ற பேச்சு இன்று இருக்கிறது. 1968-ல் அது இல்லை. அடுத்த முறை நம்ம ஊர் வீரர் ஒருவர் காயத்தோடு வெளியேறும்போது, எப்போ திரும்பி வருவார் என்று கேட்பதற்கு முன்னால், எப்படி இருக்கிறார் என்று கேட்கலாம்.

(மன உளைச்சல், தற்கொலை எண்ணம் இருந்தால் தனியாகத் தவிக்க வேண்டாம். தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களை அழைத்து இலவச ஆலோசனை பெறலாம்.)