ஆலைச் சங்கு ஊதிய ஊரில் ஒரு கதர் முதல்-மந்திரி

ஆடிப்பூரம் வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் எள் போட்டால் எள் விழாது. அன்று ஆண்டாளின் தேர் புறப்படும். சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனங்கள் எல்லாம் திரண்டு வந்து வடம் பிடிப்பார்கள். ஆணும் பெண்ணும் கிழவரும் பிள்ளையும் ஆளுக்கு ஒரு கை கொடுப்பார்கள். தேர் அசைந்து அசைந்து நகரும்.

அதே வீதியில் மற்ற நாட்களில் மோட்டார் வண்டிகள் பறக்கின்றன. ஓர் எஞ்சினை முன்னால் கட்டினால் தேர் சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும். ஆனாலும் ஜனங்கள் வடத்தை விடுவதில்லை. ஏன்? எஞ்சின் இழுத்தால் தேர் நகரும், நமக்கு அதில் வேலை இல்லை. வடம் பிடித்தால் நம் கையும் அதில் உண்டு!

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து தெற்கே சுமார் 12 கிலோ மீட்டர் போனால் ராஜபாளையம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். மாம்பழத்துக்கும் வேட்டை நாய்க்கும் பேர் போனது. நூல் ஆலைகளுக்கும் பேர் போனது. ஆலைச் சங்கு ஊதும் அந்த ஊரில் பிறந்த ஒருவர், அந்தக் காலத்து ராட்டை நூலை உடுத்திக்கொண்டு, சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி ஆனார்.

அவர்தான் பூ.ச.குமாரசாமி ராஜா.

பாட்டி வளர்த்த பிள்ளை

குமாரசாமி ராஜா 1898-ம் ஆண்டு ஜூலை மாதம் 8-ந் தேதி ராஜபாளையத்தில் பிறந்தார். தந்தையின் பெயர் பூசபாடி சஞ்சீவி ராஜா.

குடும்பத்துக்கு வசதி இருந்தது. பிள்ளைக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. அவர் பிறந்த சில நாட்களிலேயே தாய் கண்ணை மூடினார். சில ஆண்டுகளில் தந்தையும் போய்ச் சேர்ந்தார். தாய் முகமும் தந்தை முகமும் அறியாத அந்தக் குழந்தையைப் பாட்டிதான் எடுத்து வளர்த்தார்.

இளம் வயதிலேயே அவருடைய மனம் பொது வாழ்வின் பக்கம் திரும்பியது. அன்னி பெசன்ட் அம்மையாரின் கருத்துக்கள் அவரைக் கவர்ந்தன. தீரர் சத்தியமூர்த்தியின் பேச்சு அவரை இழுத்தது. பிறகு காந்தியடிகள் வந்தார். அதன்பின் அவர் வேறு வழி தேடவில்லை.

மதுரையில் நடந்த மாற்றம்

1921-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி. காந்தியடிகள் அன்று மதுரையில் இருந்தார். அன்றுதான் அவர் தம் பழைய உடையைக் களைந்துவிட்டு, இடுப்பில் ஒரு முழத் துண்டைக் கட்டிக்கொண்டார். ஏழைக்கு அதற்கு மேல் துணி இல்லை, தமக்கு மட்டும் எதற்கு என்று அவர் எண்ணினார். அந்தக் கோலத்தைக் கடைசி வரை அவர் மாற்றவில்லை.

அந்தச் செய்தி தென்பாண்டி நாடு முழுவதும் பரவியது. பட்டும் மில் துணியும் உடுத்திய வீட்டுப் பிள்ளைகள் முரட்டுக் கதர் உடுத்தத் தொடங்கினார்கள்.

1924-ல் பெல்காமில் காங்கிரஸ் மகாசபை கூடியது. காந்தியடிகள்தான் தலைவர். காங்கிரசில் அங்கத்தினராக வேண்டுமானால் மாதம் 2,000 கெஜம் நூல் சந்தாவாகக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு அப்போது வந்தது. காசு கொடுத்துச் சேர்வது எளிது. கையால் நூற்றுச் சேர்வது எளிதா? பெரிய வக்கீல்களும் ராட்டையின் முன்னால் உட்கார வேண்டியதாயிற்று! இந்த விதி வெகுநாள் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே தளர்த்தப்பட்டது. அதே 1925-ல் கதர் வேலைக்கென்றே அகில இந்திய சர்க்கா சங்கம் தொடங்கப்பட்டது.

1927-ல் காந்தியடிகள் கதருக்காகத் தமிழ்நாட்டைச் சுற்றி வந்தார். அந்தப் பயணத்தில் ராஜபாளையத்துக்கும் வந்தார். அப்போது குமாரசாமி ராஜாவுக்கு வயது 29.

ராட்டை எப்படி நூற்கிறது?

இந்தக் காலத்துப் பிள்ளைகளில் பலர் ராட்டையைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். அது பெரிய வித்தை அல்ல.

ஒரு பெரிய சக்கரம். எதிரே விரல் கனம்கூட இல்லாத ஒரு கதிர். இரண்டையும் ஒரு கயிறு இணைக்கிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கதிர் பல சுற்றுச் சுற்றிவிடும். வலது கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இடது கையில் பஞ்சுத் திரியைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பஞ்சு முறுக்கேறி நூலாகும். அந்த நூலைக் கதிரிலேயே சுற்றிக்கொள்ள வேண்டும். 840 கெஜம் சேர்ந்தால் ஒரு சிட்டம்.

கரிசல் காட்டில் பருத்தி விளைகிறது. திண்ணையில் ராட்டை சுழலும். நெசவாளர் வீட்டில் தறி இருக்கிறது. ஊர்ப் பணம் ஊருக்குள்ளேயே நிற்கும். மழை பொய்த்த மாதங்களில் விவசாயி வீட்டில் வேலை இராது. அப்போது ராட்டை நாலு காசு கொடுக்கும். காந்தியடிகள் போட்ட கணக்கு இதுதான்.

அதற்காக அவர் பழைய ராட்டையையே கட்டிக்கொண்டு அழவில்லை. நல்ல ராட்டை செய்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று 1929-ல் சர்க்கா சங்கம் அறிவித்தது. விலை 150 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. கையாலோ காலாலோ ஓட்டும்படி இருக்க வேண்டும். 20 ஆண்டு உழைக்க வேண்டும். இப்படிப் பல நிபந்தனைகள். அந்தப் பரிசை யாராலும் தட்டிச் செல்ல முடியவில்லை!

ஊருக்கு வந்தது ஆலை

காலம் நிற்கவில்லை. 1934-ல் குமாரசாமி ராஜா டெல்லி மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டே ஆண்டில், 1936-ல், அவருடைய சொந்த ஊரில் ராஜபாளையம் மில்ஸ் தோன்றியது. அதை நிறுவியவர் அதே ஊரைச் சேர்ந்த பி.ஏ.சி.ராமசாமி ராஜா.

ராட்டையில் ஒரே ஒரு கதிர். ஆலையிலோ ஆயிரக்கணக்கான கதிர்கள்! பாட்டி நாள் முழுவதும் நூற்கும் நூலை ஆலை எத்தனை நொடியில் நூற்கும்? இந்தப் போட்டியில் யாருக்கு வெற்றி என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்.

ஆலையைக் குறை சொல்வதற்கும் இல்லை. வானம் பார்த்த பூமியில் வாடிய எத்தனையோ குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் என்பதை அது காட்டியது. ஆலையால் அந்த ஊர் வளர்ந்தது. மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் துணி இன்று ராஜபாளையம், சத்திரப்பட்டிப் பக்கத்தில் இருந்துதான் ஏராளமாகப் போகிறது.

ஆனால் ஆலை வைக்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும். ராட்டை வைக்கத் திண்ணையில் நாலு அடி இடம் போதும். ஆலையில் இடம் கிடைத்தவருக்குத்தான் பிழைப்பு. ராட்டையில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். தேர் வடம் மாதிரி!

கோட்டையில் கிளம்பிய சண்டை

ஆலையா, ராட்டையா என்ற கேள்வி திண்ணையோடு நிற்கவில்லை. அது சென்னைக் கோட்டைக்கே போய்விட்டது.

1946-ல் ஆந்திர கேசரி பிரகாசம் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது மாகாணத் தலைவரைப் பிரதமர் என்றுதான் அழைப்பார்கள். அவர் ஒரு பெரிய கதர்த் திட்டம் வகுத்தார். மாகாணத்தில் இனிப் புதிய நூல் ஆலைகள் வேண்டாம், கிராமந்தோறும் ராட்டை சுழலட்டும் என்பது அதன் சாரம்.

நாடெங்கும் துணிப் பஞ்சம் இருந்த நேரம் அது. ரேஷனில் துணி வாங்கிய காலம். ஆலைகளைத் தடுத்தால் துணிக்கு எங்கே போவது என்ற கூக்குரல் கிளம்பியது. கட்சிக்குள்ளேயும் எதிர்ப்பு வந்தது. 1947 மார்ச்சில் பிரகாசம் பதவியை இழந்தார். அடுத்து வந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு ஆலைத் தடையைக் கைவிட்டது.

அதில் ஒரு பாடம் இருந்தது. ஆலையை அடைத்து ராட்டையை வாழ வைக்க முடியாது. பிடித்தவர் மனதார நூற்றால்தான் ராட்டை நிற்கும்.

முதல்-மந்திரி ஆனார்

1949 ஏப்ரலில் ஓமந்தூரார் விலகினார். அவருக்குப் பிறகு, காமராஜரின் ஆதரவோடு, குமாரசாமி ராஜா அந்த நாற்காலியில் அமர்ந்தார். தாயற்ற பிள்ளையாகப் பாட்டி மடியில் வளர்ந்தவர், சென்னை மாகாணத்தின் தலைவர் ஆனார்!

1950 ஜனவரி 26-ந் தேதி இந்தியா குடியரசு ஆயிற்று. அன்று முதல் பிரதமர் என்ற பட்டம் போய், முதல்-மந்திரி என்ற பட்டம் வந்தது. ஆகவே சென்னையின் கடைசிப் பிரதமரும் அவரே. முதலாவது முதல்-மந்திரியும் அவரே.

அன்றைய சென்னை ராஜ்யம் இன்றைய தமிழ்நாடு மட்டும் அல்ல. ஆந்திரக் கடற்கரை, ராயலசீமை, மலபார், தென்கன்னடம் எல்லாம் அதில் அடக்கம். அத்தனை பெரிய ராஜ்யத்தை ஆண்டவர் கதர்தான் உடுத்தினார். ஏழை விதவை நூற்ற நூலும் முதல்-மந்திரியின் மேல் துண்டும் ஒரே ஜாதி! பட்டுக்கும் சரிகைக்கும் இல்லாத பெருமை அந்த முரட்டுத் துணிக்கு உண்டு.

அவர் ஆண்ட காலம் சோதனைக் காலம். மழை பொய்த்தது. அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்தது. ஜனங்கள் சலித்துப் போனார்கள். 1952-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன. முதல்-மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப் போனார். ராஜாஜி முதல்-மந்திரி ஆனார்.

1954-ல் குமாரசாமி ராஜா ஒரிசாவின் கவர்னராக நியமிக்கப்பட்டார். 1956 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1957 மார்ச்சில் சென்னையில் காலமானார். அவருக்கு அப்போது வயது 58.

வீட்டைக் கொடுத்தார்

பெரிய பதவிகளில் இருந்தவர் பிள்ளைகளுக்குப் பங்களாவும் தோட்டமும் சேர்த்து வைத்துப் போவது உலக வழக்கம். குமாரசாமி ராஜா நேர்மாறாகச் செய்தார். ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலைமன்றம். கலைக்கும் இலக்கியத்துக்கும் ஊரார் கூடும் இடமாக அந்த வீடு ஆயிற்று. அவர் பெயர் சொல்லக் கல்லும் மண்ணும் இருக்கிறது என்றால், அதுவும் ஊருக்குச் சொந்தம்!

இன்றும் சுழல்கிறது

அவர் கண் மூடிய அடுத்த மாதம், 1957 ஏப்ரலில், மத்திய அரசின் கதர் கிராமத் தொழில் கமிஷன் தொடங்கியது. அதற்குள் ராட்டையும் கொஞ்சம் மாறியிருந்தது. காந்தியடிகள் காலத்தில் யாராலும் முடியாத வேலையில் ஒரு தமிழர் கை வைத்தார். அவர் பெயர் ஏகாம்பரநாதன். ஒரு கதிருக்குப் பதில் பல கதிர்கள் ஒரே சமயத்தில் சுழலும் ராட்டையை அவர் அமைத்தார். அவர் பெயரின் நடுவில் உள்ள அம்பர் என்ற சொல்லே அதற்குப் பெயரானது. வடநாட்டிலும் அதை அம்பர் சர்க்கா என்றுதான் சொல்கிறார்கள். 2018-ல் சூரிய வெளிச்சத்தின் சக்தியால் ஓடும் ராட்டைக்கும் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது.

பின்னடைவும் உண்டு. தேசியக் கொடியைக் கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் செய்ய வேண்டும் என்ற விதி வெகுகாலம் இருந்தது. 2021 டிசம்பரில் அந்த விதி திருத்தப்பட்டது. இப்போது இயந்திரத் துணியிலும் பாலியெஸ்டரிலும் கொடி செய்யலாம். நூற்பவர்களுக்கு அது ஓர் இழப்புதான்.

ஆனாலும் கதர்க் கடை மூடப்படவில்லை. அக்டோபர் 2-ந் தேதியை ஒட்டித் தள்ளுபடி விலை போட்டதும் அங்கே ஜனங்கள் வந்து நிற்கிறார்கள். வேறு கடையில் இதைவிட மலிவாக, பளபளப்பாகத் துணி கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இந்தத் துணியில் ஏதோ ஒரு கிராமத்துப் பெண்ணின் கை இருக்கிறது. அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

ராட்டை நாட்டுக்கே துணி கொடுத்துவிடவில்லை. ஆலையை அது வெல்லவும் இல்லை. ஆனால் கையில் காசு இல்லாதவரும் நாட்டுக் காரியத்தில் கை வைக்கலாம் என்று அது காட்டியது. தாய் தந்தை இல்லாத ஒரு ராஜபாளையத்துப் பிள்ளை அந்தக் காரியத்தில் கை வைத்தார், கோட்டை வரை போனார், முடிவில் வீட்டையும் ஊருக்கே விட்டுப் போனார்.

வரும் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்கள் ஆண்டாள் தேரின் வடத்தைத் தொட்டுவிட்டு, அப்படியே ராஜபாளையம் வரை ஒரு நடை போய் வரலாம். காந்தி கலைமன்றத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இது ஒரு முதல்-மந்திரி ஊருக்குக் கொடுத்த வீடு என்று சொல்லி வைக்கலாம்.